நரிமுனைக் கோபுரத்தின் எட்டாவது பட்டை

சோலையப்பனுக்குக் கடல்னா பயம். அந்த ஆளைத்தான் தேடிப் புடிச்சு லைட்டவுஸ் வேலைக்குப் போட்டாங்க. சர்க்கார் காரியம் பாதி அப்படித்தான் நடக்கும்.

அவரு ஆவுடையார்கோவில் பக்கத்து வெவசாயக் குடும்பம். நாலாங்கிளாஸ் படிப்பு. நல்ல உழைப்பாளி. ஒரே ஒரு கொறை, வாயில கேள்வி நிக்காது. மிராசுதார் களத்துல குத்தகை நெல்லு அளக்குறப்ப, "எசமான், வாங்குற மரக்காலுக்கும் குடுக்குற மரக்காலுக்கும் அடி வேற மாதிரி இருக்கே, ஏன்?"னு நாலு பேரு முன்னால கேட்டுப்புட்டாரு. சண்டை போடணும்னு கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாரு. மிராசுதாருக்கு அதான் தாங்கல. சண்டைக்காரனை அடிச்சு ஒக்கார வைக்கலாம். தெரிஞ்சுக்கணும்னு கேக்குறவனை என்ன பண்ணுறது? யாரையோ புடிச்சு, சிபாரிசு எழுதி, கடலோரத்துக்கு அனுப்பி வச்சாரு. 1931-ல சோலையப்பனும் அவரு சம்சாரம் செவந்தியும் ரெண்டு பானை, ஒரு உலக்கையோட நரிமுனைக்கு வந்து எறங்குனாங்க.

மணமேல்குடிக்குத் தெக்க, கோட்டைப்பட்டினத்துக்கு வடக்க, மண்ணு மூக்கு நீட்டுன மாதிரி கடலுக்குள்ள போற எடம் நரிமுனை. அறுபது குடிசை. பனங்காடு, உடைமரம், அதுக்கு அங்கிட்டு சேறு. அப்ப அந்தக் கரை தஞ்சாவூர் சில்லாவுல இருந்துச்சு. புதுக்கோட்டை ராசா சீமைக்குக் கடலே கெடையாது. இன்னைக்கு ரெண்டும் ஒரே மாவட்டம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறாங்க. அன்னைக்கு நரிமுனைக்காரனுக்கு எந்த சில்லாவும் வந்து சோறு போடல.

முனையில நின்னுச்சு கோபுரம். செங்கல் கட்டடம், அறுபதடி ஒசரம். வட்டமா இருக்காது, எட்டுப் பட்டையா இருக்கும். உச்சியில இரும்புக் கம்பி போட்ட நடை, கண்ணாடிக் கூண்டு, அதுக்குள்ள மண்ணெண்ணெய் வெளக்கு. வடக்க கோடியக்கரை லைட்டவுஸும் தெக்க பாம்பன் லைட்டவுஸும் பெரிய குடும்பத்துப் பிள்ளைங்கன்னா, இது அத்துக்கூலி. நெல்லும் ஓடும் ஏத்திக்கிட்டு யாழ்ப்பாணத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் போற தோணிக்காரங்க சேத்துல மாட்டிக்காம இருக்க ஒரு சின்ன வெளிச்சம், அவ்வளவுதான்.

சோலையப்பன் வந்த மொத வாரமே ஆரம்பிச்சிட்டாரு. இதை யாரு கட்டுனது? எந்த வருசம்? ஏன் எட்டுப் பட்டை, ஏன் ஆறு இல்ல? குப்பத்துல ஒருத்தன் டச்சுக்காரன் கட்டுனான்னான். இன்னொருத்தன் கும்பினிக்காரன்னான். மூணாவது ஆளு, "நான் பொறக்குறப்பவே இருந்துச்சுய்யா, நானா கட்டுனேன்?"னு எரிஞ்சு விழுந்தான். ஆபீஸுக்கு எழுதிக் கேட்டாரு. மூணு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு: கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல, வெளக்குத் திரியைச் சிக்கனமா வெட்டச் சொல்லி உத்தரவு. கட்டுனவன் பேரு எந்தக் கல்லுலயும் இல்ல. செங்கல் சுமந்தவன் பேரு எந்த ஊருலயும் கல்லுல ஏறுறதில்ல, அது வேற கதை.

ஆனா அவரை வருசக்கணக்கா அரிச்ச கேள்வி வேற ஒண்ணு.

கோபுரத்துக்கு வெள்ளையடிக்க மூணு வருசத்துக்கு ஒரு தரம்தான் ஆபீஸ் சுண்ணாம்பு அனுப்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில அது கரைஞ்சு, செங்கல் பல்லைக் காட்டும். ஏழு பட்டையும் அப்படித்தான் காட்டுச்சு. கடலைப் பாத்த எட்டாவது பட்டை மட்டும், தென்கிழக்குப் பக்கம், தை மாசம் பொறந்தா பளிச்சுனு இருக்கும். பூசுனது யாருன்னு தெரியாது. மேலேர்ந்து கீழ வரைக்கும் வெள்ளை.

மொத தரம் பாத்தப்ப ஆபீஸ்காரங்க வந்து பூசிட்டுப் போயிருப்பாங்கன்னு நெனைச்சாரு. ரெண்டாவது வருசம் சாமி காரியமோன்னு நெனைச்சாரு. மூணாவது வருசம் குப்பத்துல போயிக் கேட்டாரு.

"வெளக்கண்ணே, நாங்க மீன் புடிக்கிறவங்க. சுண்ணாம்ப வெத்தலைக்குத்தான் தடவுவோம்"னு சிரிச்சா கண்ணாத்தாள்.

கண்ணாத்தாள் யாருன்னு சொல்லிப்புடுறேன். குப்பத்துல அவ வச்சதுதான் சட்டம். புருசன் செத்த பெறவு வள்ளத்தையும் வலையையும் அவதான் ஆண்டா. தம்பி ராக்கன் கடலுக்குப் போவான். கரையில அவ பேசுனா மீன் யாவாரி எதுத்துப் பேசமாட்டான். "வெளக்கண்ணே, வெளக்கண்ணே"ன்னு சோலையப்பனை வாய் நெறையக் கூப்புடுவா. மாசத்துல நாலு நாளாவது நல்ல கொடுவா மீனோ, வெளமீனோ அவ வீட்டுலேர்ந்து செவந்திக்கு வந்துரும். சோலையப்பனுக்கு அதுல ரொம்பப் பெருமை. நாம ஏத்துற வெளக்குக்கு இந்தச் சனங்க காட்டுற மரியாதைன்னு நெனைச்சுக்கிட்டு முள்ளைக் கூட மரியாதையா எடுத்துப் போடுவாரு.

அந்த வெள்ளைப் பட்டைக்கு ஒரு தரம் அவருக்கே பாராட்டு வந்துச்சு. சுத்திப்பாக்க வந்த மேலதிகாரி, "கடலைப் பாத்த பக்கத்தையாவது சுத்தமா வச்சிருக்க"ன்னு தட்டிக் குடுத்துட்டுப் போனாரு. சோலையப்பன் வாயைத் தொறக்கல. மனுசன்தானே.

பதினோரு வருசம் இப்படிப் போச்சு.

1942 பங்குனிக் கடைசியில கொழும்புல ஜப்பான்காரன் குண்டு போட்டான். சேதி வந்த வேகத்துல மெட்ராஸே காலியாச்சுன்னாங்க. மணமேல்குடிச் சந்தையில உப்பு வாங்கப் போனவன் கூட ஆகாசத்தைப் பாத்துக்கிட்டுதான் நடந்தான். நரிமுனைக்கு உத்தரவு வந்துச்சு: வெளக்கை அணை. கண்ணாடிக்குச் சாக்கு சுத்து. கோபுரத்தை ஏரோப்ளேன்காரனும் கப்பல்காரனும் கண்டுபுடிக்காத மாதிரி மண்ணு நெறத்துக்கு மாத்து.

மண்ணு நெறத்துக்கு எப்படி மாத்துறதுன்னு உத்தரவுல இல்ல. சோலையப்பனுக்குத் தெரிஞ்சது வெவசாயி கைவேலை. செம்மண்ணைக் கொழைச்சு, சாணி சேத்து, வீட்டுச் சுவத்துக்குப் பூசுற மாதிரி பூசுறது. கடற்கரைக் குப்பத்துல மாடு ஏது, சாணி ஏது? மணமேல்குடியிலேர்ந்து மூணு வண்டிச் சாணி வந்துச்சு. லைட்டவுஸுக்குச் சாணி போகுதுன்னு வழி நெடுக சனம் வேடிக்கை பாத்துச்சு. ஆபீஸ் கூலிக்கு நாலு ஆள் வந்து சாரம் கட்டி எட்டுப் பட்டையும் பூசி முடிச்சாங்க. தூரத்துலேர்ந்து பாத்தா பெரிய கரையான் புத்து மாதிரி இருந்துச்சு.

அன்னைக்குக் கண்ணாத்தாள் வந்து கீழ நின்னு அண்ணாந்து பாத்தா. மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. சோலையப்பன் அதை வெளக்கு அணைஞ்ச வருத்தம்னு எடுத்துக்கிட்டாரு.

வைகாசி பாதியில அறந்தாங்கி ஸ்டேஷனுக்கு வந்த சர்க்கார் சாமானை எடுக்கப் போனாரு. மாசம் ஒரு தரம் போற நடைதான், போக வர ரெண்டு நாள். திரும்பி வந்து பாத்தா ஏழு பட்டை கரையான் புத்து. எட்டாவது பட்டை பளிச்சுனு வெள்ளை. மண்ணைக் கழுவி எடுத்துட்டு, புதுச் சுண்ணாம்பு.

இங்கதான் அந்த மனுசன் புத்தி கெட்டுப்போயி ஒரு காரியம் செஞ்சாரு. நேரா ஒக்காந்து, நல்ல கையெழுத்துல, ஆபீஸுக்கு ரிப்போர்ட் எழுதிட்டாரு. "பெயர் தெரியாத ஆசாமிகள், சர்க்கார் உத்தரவுக்கு விரோதமாக, கோபுரத்தின் கடற்புறத்தை வெள்ளையடித்திருக்கிறார்கள்." தபால்ல போட்டுட்டு வந்து செவந்திகிட்ட பெருமையாச் சொன்னாரு. இனிமே ஆபீஸே வந்து கண்டுபுடிச்சுச் சொல்லிரும், பதினோரு வருசக் கேள்வி தீந்துரும்னு நெனைப்பு. செவந்தி சோத்துக் கரண்டியைக் கீழ வச்சுட்டு, "ஐயோ, இதை ஏங்க எழுதுனீங்க?"ன்னா. அவரு காதுல விழல.

அஞ்சாம் நாள் மாட்டு வண்டி பூட்டிக்கிட்டு இன்ஸ்பெக்டர் சிவசாமி வந்தாரு. மூணு லைட்டவுஸுக்கு அவருதான் மேற்பார்வை. தொப்பி, கண்ணாடி, வெயிலுக்குத் துண்டு. வெள்ளைப் பட்டையைப் பாத்தாரு, சோலையப்பனைப் பாத்தாரு.

"யோவ், இது என்னன்னு தெரியுமாய்யா ஒனக்கு?"

"சுண்ணாம்புங்க."

"சுண்ணாம்பா? சிக்னல்யா! எதிரிக்கு அடையாளம் காட்டுறான் எவனோ. டிஃபென்ஸ் சட்டத்துல உள்ள போட்டா வெளிய வர வருசமாவும்."

"இந்தக் கடல்ல கப்பல் எங்கங்க வரும்? மூணு மைல் போனாலும் நாலு பாகம், நாலாள் ஆழத் தண்ணிதாங்க."

"நீ ஜப்பான்காரன்கிட்ட போயி ஆழம் சொல்லிட்டு வந்தியா? பேசாத. பத்து நாள் டைம். ஆளைக் காட்டு, போலீஸ் பாத்துக்கும். காட்டலைன்னா கோபுரத்தை இடிச்சுப்புடலாம்னு நானே எழுதிருவேன். மேல ஏற்கனவே அந்த யோசனை ஓடுது. எரியாத வெளக்குக்கு எதுக்குய்யா கோபுரம்? செங்கலாவது ரோட்டுக்கு ஒதவும்."

வண்டி போயிருச்சு. சோலையப்பன் கோபுரத்துப் படியில ஒக்காந்தாரு. தொண்ணூத்தாறு படி, ஒவ்வொரு படியிலயும் எத்தனை செங்கல்னு அவருக்குக் கணக்குத் தெரியும். அதை இடிக்கப் போறாங்க. அதுக்கு மனு எழுதிக் குடுத்ததே அவருதான்.

அதுக்குப் பெறவு ஏழெட்டு நாளு அவரு மனுசனாவே இல்ல. சுவத்தைச் சொரண்டிப் பாத்தாரு. ஆபீஸ் சுண்ணாம்பு கல்லுச் சுண்ணாம்பு. இதுல பொடிப் பொடியா கிளிஞ்சல் துண்டு கெடந்துச்சு. கிளிஞ்சல் சுடுற சூளைக்காரன்கிட்ட போனாரு. "ஊரே வாங்குது, நான் யாரைச் சொல்ல?"ன்னான் அவன். மேல ஏறி இரும்புக் கம்பியைத் தடவிப் பாத்தாரு. ஒரு எடத்துல துரு வழுவழுன்னு தேஞ்சு போயிருந்துச்சு. வருசக்கணக்கா கயிறு உராஞ்ச தேய்மானம். அப்ப கயிறு கட்டித் தொங்கித்தான் பூசியிருக்கான். கீழேர்ந்து ஏறல. மேலேர்ந்து எறங்கியிருக்கான். மேல வரணும்னா கதவைத் தொறக்கணும். கதவுக்கு ஒரே சாவி. சாவி அவரு இடுப்புல.

இடுப்புல இல்லாதப்ப எங்க இருக்கும்?

வீட்டுக்கு வந்தாரு. செவந்தி அருவாமனையில மீனு அரிஞ்சுக்கிட்டிருந்தா. சின்னக் கொடுவா.

"ஏ செவந்தி. நான் அறந்தாங்கி போறப்ப சாவியை எங்க வைப்ப?"

"ஒறியில."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"யாரு?"

"இந்த மீன் எங்கேர்ந்து வருதுன்னு பதினோரு வருசமா தின்னுக்கிட்டு இருக்கீங்களே, ஒரு தரம் எங்கிட்ட கேட்டீங்களா? டச்சுக்காரனைக் கேட்டீங்க, கும்பினிக்காரனைக் கேட்டீங்க. ஊரு முச்சூடும் போயிக் கேட்டீங்க. வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவளைக் கேட்டீங்களா?"

சோலையப்பன் அப்படியே தரையில ஒக்காந்துட்டாரு. "கண்ணாத்தாளா?"

"வந்த மொத வருசமே வந்து கேட்டுச்சு. ஒரு நாளைக்குச் சாவி குடு ஆத்தா, சுவத்துக்கு வெள்ளையடிச்சுக்கிறோம், எதுக்குன்னு கேக்காதன்னுச்சு. வெள்ளையடிக்கிறது பாவமா? குடுத்தேன். மறுநாளு மீன் வந்துச்சு."

"அப்ப மீன் வெளக்குக்கு இல்லையா?"

"வெளக்குக்கா?" செவந்தி செதிலைத் தட்டிவிட்டுக்கிட்டே சிரிச்சா. அந்தச் சிரிப்புல மனுசன் பாதியாப் போயிட்டாரு.

விறுவிறுன்னு குப்பத்துக்குப் போனாரு. கண்ணாத்தாள் வலைக்கு ஈய மணி கோத்துக்கிட்டிருந்தா, பக்கத்துல ராக்கன். சோலையப்பன் ஒண்ணும் மறைக்காம எல்லாத்தையும் சொன்னாரு: தான் எழுதுன ரிப்போர்ட்டு, சிவசாமி, பத்து நாளு, இடிப்பு. ராக்கன் எழுந்திரிச்சுட்டான்.

"ஒங்க வாயில மண்ணு விழ! பேனாவை எடுத்தா கை சும்மா இருக்காதா?"

"ஒக்காருடா"ன்னா கண்ணாத்தாள். சோலையப்பனை நிமுந்து பாத்தா. "எம்பேரை எழுதிக் குடுத்துருங்க. நாந்தான் பூசச் சொன்னேன்னு. செயிலுக்குப் போயிட்டு வாரேன். கோபுரத்தை இடிக்க வேணாம்னு மட்டும் சொல்லுங்க."

"எதுக்கு ஆத்தா இது? அதைச் சொல்லு. சர்க்காருகிட்ட வெவரம் சொன்னா கேப்பாங்க."

"சர்க்காருகிட்ட சொல்லுறதுக்குப் பதிலா என் நாக்கை அறுத்துப் போட்டுருவேன்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. கண்ணாத்தாளோட அப்பன் காலத்துல ஓடு ஏத்திக்கிட்டு வந்த தோணி ஒண்ணு வெளிக்கடல்ல முங்கிப் போச்சு. முங்குன தோணியில மீன் வீடு கட்டிக்கிரும். சுத்திச் சேறு, நடுவுல அந்தத் தோணி. மத்த எடத்துல ஒண்ணும் படாத நாளுலகூட அங்க கொடுவா கெடைக்கும். அந்த எடத்தைக் கண்டுபுடிக்கக் கடல்ல கோடா போட்டிருக்கு? கரையைப் பாத்துதான் புடிக்கணும். கோபுரமும் அதுக்குப் பின்னால ஒரு குறியும் ஒரே கோட்டுல நிக்கணும். தெக்கால இன்னொரு ரெண்டு குறி ஒரே கோட்டுல நிக்கணும். ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல வலையை எறக்கணும். கோபுரம் செங்கல் நெறத்துல நின்னா பின்னால பனங்காட்டோட கலந்து போயிரும். வெள்ளையா இருந்தாத்தான் கண்ணுல ஏறும்.

அந்தக் கரையில ஒரு குடும்பத்துக் குறியை அடுத்த குடும்பத்துக்குச் சொல்லுறதில்ல. மாப்புள்ளைக்குக்கூடச் சொல்லமாட்டாங்க. சொல்லிட்டா ராமேசுவரத்துலேர்ந்து நாகப்பட்டினம் வரைக்கும் வள்ளம் வந்து நிக்கும். நெலம் இருந்தா பட்டா இருக்கு, வேலி போடலாம். கடல்ல இருக்கிறவனுக்குப் பட்டாவும் அதான், வேலியும் அதான். வாயை மூடிக்கிறது.

சோலையப்பனுக்குப் பதினோரு வருசக் கேள்விக்குப் பதில் கெடைச்சுச்சு. ஒரு நொடி நேரம் இடிப்பு, போலீஸ், எல்லாம் மறந்து போச்சு. "அடடா!"ன்னு சிரிச்சுட்டாரு. பெறவு கேட்டாரு. "அப்ப வெளக்கு? நான் ஏத்துன வெளக்கு?"

ராக்கன் சொன்னான்: "அது தோணிக்காரனுக்குண்ணே. எங்களுக்குக் கோபுரம் பகல்ல இருந்தாப் போதும்."

வலிச்சுச்சு. ஆனா கேள்வி வலியைவிடப் பெருசு அவருக்கு. "நான் பாக்கணும். கடல்லேர்ந்து பாக்கணும். எவ்வளவு தெரியுது, எங்கேர்ந்து தெரியுதுன்னு பாத்தாத்தான் எனக்கு யோசனை ஓடும்."

கண்ணாத்தாள் கையில இருந்த மணியை எல்லாம் கோத்து முடிச்சா. கடைசியில, "கண்ணைக் கட்டிக் கூட்டிப் போ"ன்னா.

மறுநாள் காலையில ராக்கன் வள்ளத்துல சோலையப்பன் ஏறுனாரு. அவரு துண்டாலயே அவரு கண்ணைக் கட்டுனாங்க. வள்ளம் கரையை விட்டதுமே வாந்தி. கண்ணு தெரியாம வாந்தி எடுக்குறது எப்படின்னு பட்டவனைக் கேட்டாத்தான் தெரியும். "எசமானுக்குச் சாப்பாடு தங்கமாட்டேங்குது"ன்னு பாய் புடிச்சவன் கேலி பண்ணுனான். "வெளியில போறது போகட்டும், துண்டை அவுக்காதீங்க"ன்னான் ராக்கன்.

பாதி தூரத்துல, "இப்ப அவுத்துக்குங்க. கோபுரத்தை மட்டும் பாருங்க. தெக்கால திரும்புனீங்கன்னா தள்ளிவிட்டுருவேன்"ன்னான்.

அவுத்தாரு. மொதல்ல வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. பெறவு தெரிஞ்சுச்சு. பச்சையும் மண்ணுமா ஒரு கோடு, அதான் நாடு. அதுல அரிசி குத்தி வச்ச மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு விரல் நகத்துல பாதி. பதினோரு வருசமா ஏறி எறங்குன கோபுரம், தொண்ணூத்தாறு படி, இவ்வளவுதான். அவரு துண்டால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. வாந்தியினாலயா வேற எதனாலயான்னு ராக்கனுக்குத் தெரியல, கேக்கவும் இல்ல.

"அங்கிட்டுக் கொஞ்சம் வடக்க போ, ராக்கா."

"எதுக்கு?"

"போயேன்."

வள்ளம் வடக்க நகந்துச்சு. வெள்ளை மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு. கம்பி மாதிரி ஆச்சு. இன்னும் கொஞ்சம் வடக்க. காணோம். மண்ணு பூசுன பட்டைங்கதான் இந்தப் பக்கம் திரும்பி நின்னுச்சு, பனங்காட்டோட பனங்காடா. கோபுரம் இருக்குற எடம் தெரிஞ்சவருக்கே தேட வேண்டியிருந்துச்சு.

"ஏன் எட்டுப் பட்டைன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்ல"ன்னு சோலையப்பன் வாயைத் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு. "வட்டமா இருந்திருந்தா எங்கிட்டுப் போனாலும் ஓரத்துல வெள்ளை தெரிஞ்சிருக்கும். சிவசாமியை வடக்க கூட்டிட்டு வந்தா என்ன?"

ராக்கனுக்கு மொதல்ல வெளங்கல. வெளங்குனப்ப பாயைப் புடிச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சான்.

பத்தாம் நாள் சிவசாமி வந்தாரு. சோலையப்பன் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.

"ஆளைப் புடிச்சியா?"

"ஆளே இல்லைங்க. உப்புக்காத்துல கடலுப் பக்கம் மண்ணு உரிஞ்சு விழுந்து, உள்ள இருந்த பழைய வெள்ளை வெளிய வந்துருச்சுங்க. நான் அவசரப்பட்டு எழுதிப்புட்டேன்."

"கதை விடுறியா?"

"இல்லைங்க. ஆனா சிக்னல்னு சொன்னீங்களே, ஒரு விசயம். கடல்லேர்ந்து தெரிஞ்சாத்தானுங்களே சிக்னலு? ஐயா ஒரு எட்டுக் கடல்ல போயிப் பாத்துட்டா ரிப்போர்ட்டு பலமா இருக்கும்."

குப்பத்து சனமே கூடி நின்னு பாக்குது. வேணாம்னு சொன்னா இன்ஸ்பெக்டருக்குக் கடல் பயம்னு ஆயிரும். சிவசாமி தொப்பியை இறுக்கிக்கிட்டு வள்ளத்துல ஏறுனாரு. ராக்கன் வடக்க விட்டான். அலை கம்மிதான். ஆனா வள்ளத்தை எப்படி ஆட்டணும்னு ராக்கனுக்குத் தெரியும்.

"ஐயா, பாருங்க. கோபுரம் தெரியுதுங்களா?"ன்னாரு சோலையப்பன். அவரும் வாந்தியை முழுங்கிக்கிட்டுதான் கேட்டாரு.

சிவசாமி கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் பாத்தாரு. "எங்கய்யா இருக்கு?"

"அந்தா, அந்தப் பனைக்குப் பக்கத்துல."

"எந்தப் பனை? எல்லாம் பனையாத்தான் இருக்கு." சொல்லி முடிக்கல, விளிம்புல சாஞ்சுட்டாரு. தொப்பி தண்ணியில விழுந்துச்சு.

ராக்கன் ரொம்பப் பணிவாக் கேட்டான்: "ஐயா, தெக்கயும் ஒரு சுத்து போயிப் பாத்துருவோமுங்களா? இன்னும் ஒரு மணி நேரந்தான் ஆவும்."

"வேணாம்! கரைக்கு விடுறா!"

கரையில எறங்கி, செவந்தி குடுத்த மோரைக் குடிச்சு, சிவசாமி கொஞ்சம் மனுசனானாரு. எழுந்து போயி எட்டாவது பட்டையில வெரலை வச்சாரு. எடுத்தாரு. வெரல் நுனி வெள்ளையா இருந்துச்சு.

"பழைய சுண்ணாம்பு வெரல்ல ஒட்டுமா?"

கண்ணாத்தாள் கூட்டத்துல முன்னால வந்து நின்னா. நாந்தான்னு சொல்ல வாயெடுத்துட்டா. செவந்தி முந்திக்கிட்டா.

"கடலுக்காத்து ஈரங்க. பழசு எல்லாம் ஊறிப் பொதும்பிப் போகுது. எங்க வீட்டுச் சுவத்துல சாஞ்சாலும் சேலையெல்லாம் சுண்ணாம்புதாங்க."

சிவசாமி செவந்தியைப் பாத்தாரு, கூட்டத்தைப் பாத்தாரு. முட்டாள் இல்ல அந்த ஆளு. ஆனா மூணு லைட்டவுஸ்ல ஒண்ணை இடிச்சா ரெண்டுக்குத்தான் இன்ஸ்பெக்டரு. ரெண்டுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் எதுக்குன்னு நாளைக்கு மேல எவனாவது கேப்பான். அதுக்கு மேல, சொன்னது பொய்னு நிரூபிக்கணும்னா திரும்ப வள்ளத்துல ஏறணும். வெரலை வேட்டியில தொடைச்சுக்கிட்டாரு.

"கடல்லேர்ந்து தெரியல. தெரியலைன்னா அது சிக்னல் இல்ல, வெறும் சுண்ணாம்பு. இன்னைக்கே மண்ணைப் பூசிரு. நான் நின்னு பாத்துட்டுத்தான் போவேன்." சர்வீஸ் புஸ்தகத்தை வாங்கி எழுதுனாரு: "மிகைப்படுத்தி எழுதும் வழக்கமுள்ளவர். பெரிய விளக்குகளுக்கு மாற்றத் தகுதியற்றவர்." கோடியக்கரைக்கோ பாம்பனுக்கோ ஒரு நாள் போகணும்னு சோலையப்பனுக்கு ஆசை இருந்துச்சு, அங்க வெளக்குச் சொழலுமாம், எப்படிச் சொழலுதுன்னு பாக்கணும்னு. அது அன்னைக்கே முடிஞ்சுது. கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு.

சிவசாமி முன்னாலயே மண்ணு பூசுனாரு. வண்டி சாயங்காலம் கெளம்புச்சு.

மூணாம் நாள் காலையில கோபுரத்து உச்சியில ஆள் நடமாட்டம். ராக்கன் ஏறக்கூடாதுன்னு சோலையப்பன் தடுத்துட்டாரு. போலீஸ் எவனாவது அந்த வழியா வந்தா மீன்காரன் தொங்குறதுக்குக் காரணம் கேப்பான். லைட்டவுஸ்காரன் தொங்குனா மராமத்துன்னு போயிருவான். "எனக்கு வேலையே இதுதானே"ன்னாரு. சிவசாமி கேட்டா இருக்கவே இருக்கு உப்புக்காத்து. தண்ணியைப் பாத்துத்தான் அவருக்குப் பயம். ஒசரத்தைப் பாத்து இல்ல. வலைக்கயித்தை இடுப்புல கட்டி, மண்ணைக் கழுவி எறக்கிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்புச் சட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு பட்டையில எறங்குனாரு. கீழ கண்ணாத்தாளும் செவந்தியும் அண்ணாந்து நின்னாங்க.

"வீட்டுத் தரைக்குச் சாணி மொழுகுற மாதிரி தடவாதீங்க வெளக்கண்ணே! நீளமா இழுங்க!"

"நீளமாத்தான் இழுக்குறேன் ஆத்தா!"

"ஓரத்துல விட்டுப்போச்சு!"

"ஏங்க, வேட்டி அவுருது, அதை மொதல்ல பாருங்க!"ன்னு செவந்தி சத்தம் போட்டா.

வெளிக்கடல்ல ராக்கன் வள்ளம் நின்னுச்சு. எங்க நிக்குதுன்னு சோலையப்பன் பாக்கல, பாக்கக் கூடாதுன்னு மூஞ்சியைச் சுவத்துப் பக்கமே வச்சுக்கிட்டாரு. கோபுரம் கண்ணுல ஏறுனா பாயை எறக்கணும்னு பேச்சு. கண்ணாத்தாள் கண்ணுக்கு மேல கையை வச்சுக் கடலையே பாத்துக்கிட்டு நின்னா. அரை மணி ஆச்சு. சட்டியில பாதி காலியாச்சு.

"எறக்கிட்டானா?"ன்னு கேட்டாரு, சுவத்தைப் பாத்தபடியே.

"இன்னும் இல்ல. பூசுங்க."

பூசுனாரு. கை ஓஞ்சு போச்சு. கண்ணுல சுண்ணாம்பு எரிஞ்சுச்சு.

"இப்ப?"

கண்ணாத்தாள் கையை எறக்கி, சேலையை ஒதறிச் செருகிக்கிட்டா.

"பாய் எறங்கிருச்சு. போதும், எறங்குங்க. ரொம்பப் பூசாதீங்க, அப்புறம் நெசமாவே ஜப்பான்காரன் வந்து நிப்பான்."